காற்று நிற்காத வளவு

பேசாலை
08.06.2024

சின்னராசா அண்ணருக்கு லூர்தம்மா எழுதுவது.

இனிமேல் நான் போனில் கதைக்க மாட்டேன். நீங்கள் அழைத்தாலும் எடுக்கப்போவதில்லை, வீணாகக் காசைக் கரைக்க வேண்டாம். சொல்ல இருப்பதைக் கடதாசியில் எழுதி, ஒட்டி, லொறியின் முன்பெட்டிக்குள் வையுங்கோ. சனிக்கிழமைதோறும் பாலத்துக்கு அந்தப் பக்கம், தள்ளாடிச் சந்தியில் லொறி கைமாறும்போது கடிதமும் மாறட்டும். கோபம் வந்தால் உங்கள் வாய்க்குக் கடிவாளம் கிடையாது. கை அவ்வளவு வேகமாக ஓடாது என்று நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் பேசியபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் செதில். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். தம்பி பஸ்ரியன் பக்கத்தில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "குடிகாரன் கையில லொறியக் குடுத்தது நம்ம பிழை" என்றீர்கள். சோற்றுக் கோப்பையை மூடி வைத்துவிட்டு எழும்பிப் போனான். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் விட்ட குடியை அவன் இன்றுவரை தொடவில்லை. அவன் வீட்டுக்குள் வரும்போதே வாய் மணக்குதோ என்று பார்க்கிற அக்கா நான். எனக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். திங்கள் பின்னேரம் லொறி நல்லபடி வந்து வீட்டு வளவில் நின்றது. செவ்வாய் விடிய ஏறினால் பிரேக் காற்றைக் காட்டுகிற மானியின் முள் அடியில் கிடந்தது. காற்று இல்லாததால் பின்சில்லுகள் பூட்டிவிட்டன. எஞ்சினை ஓடவிட்டுக் காற்று ஏற்றிய பிறகும் ஒரு சில்லு சுற்ற மறுத்தது. கரையில் ஐஸ் போட்டு வைத்த மீன் வேறு ஆளின் லொறியில் கொழும்புக்குப் போனது. இப்படி நடப்பது இது முதல் தடவை இல்லை என்பது உண்மைதான். அதற்காக ஒருவனைச் சாப்பாட்டில் இருந்து எழுப்பலாமோ?

லொறி நீங்களும் என் அவரும் சேர்ந்து வாங்கியது. அவர் கண்மூடிய பிறகும் ஒரு கிழமை உங்களிடம், ஒரு கிழமை எங்களிடம் என்றே ஓடுகிறது. என் கிழமையில் யார் அதை ஓட்டுவது என்று நான்தான் சொல்வேன்.

லூர்தம்மா


நறுவிலிக்குளம்
15.06.2024

தங்கச்சி லூர்தம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பஸ்ரியன் பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதை அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் சொன்னதை இன்னும் நான் திருப்பி எடுக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

இந்தக் கிழமை ஆலைக்கு நெல் ஏற்றிப் போய்வந்து லொறியை வீட்டு வாசலில்தான் நிறுத்தினேன். ஞாயிறு முழுக்க அசையாமல் நின்றது. திங்கள் விடிய ஏறிப் பார்த்தால் முள் இறங்கவில்லை என்றே சொல்லலாம். அதே தாங்கிகள், அதே குழாய்கள். என் வாசலில் நிற்கிற காற்று, பாலத்தைத் தாண்டி உங்கள் தீவுக்குள் வந்தால் மட்டும் ஏன் நிற்பதில்லை? லொறிக்கு ஊர் தெரியாது தங்கச்சி. ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

காற்றுத் தாங்கிகளின் அடியில் சின்னத் திருகு ஒன்று இருக்கிறது. பின்னேரம் அதைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிக்க வேண்டும். பஸ்ரியனுக்கு அதைப் பழக்கியவன் நான். திறப்பவன் ஒழுங்காக மூடவும் வேண்டும். அரைகுறையாக மூடினால் சத்தமே இல்லாமல் இரவோடு இரவாகக் காற்று முழுக்கப் போய்விடும். அவன் நிதானத்தோடு மூடுகிறானா என்று பாருங்கள்.

என் வீட்டுக்காரி சிவராணி உங்கள் கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, "லூர்தம்மா சொல்றதுல என்ன பிழை?" என்று கேட்டாள். இப்போது எனக்கு இரண்டு பக்கத்தாலும் ஏச்சு.

சின்னராசா


பேசாலை
22.06.2024

சின்னராசா அண்ணருக்கு,

சிவராணி அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கோ. உங்களுக்குப் பிறகு பார்ப்போம்.

நீங்கள் சொன்ன திருகுகளை நானே பார்த்தேன். மணலில் சாக்கு விரித்து, லொறிக்குக் கீழே படுத்தேன். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த சனத்துக்கு ஒரு கிழமைக்குப் போதுமான கதை கிடைத்தது. தகரப் பேணிக்குள் சவர்க்காரத் தண்ணீர் கரைத்து, பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு திருகிலும் பூசினேன். கசிந்தால் குமிழி வரும் என்று என் அவர் சொல்லித் தந்திருக்கிறார். ஒரு குமிழியும் வரவில்லை. திருகுகள் இறுக்கமாக மூடிக் கிடந்தன.

அதோடு விடவில்லை. லொறி வந்து நின்றதும் மானிக் கண்ணாடியில் முள்ளுக்கு நேரே ஒரு பிளாஸ்டர் துண்டு ஒட்டினேன். செபம் சொல்லி முடிந்து போய்ப் பார்த்தபோதும் முள் அதே இடத்தில்தான் நின்றது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமோ? விடிய ஏறினால் முள் பழையபடி அடியில்.

எருக்கலம்பிட்டி ரிஸ்கானின் கராஜுக்கும் பஸ்ரியன் கொண்டுபோனான். லொறி உள்ளே உருண்டு வரும்போதே பின்பக்கத்தில் ஒரு சீறல் கேட்கிறது என்று அவர் சொன்னாராம். பின்பிரேக்குகளுக்குக் காற்றைப் பிரித்துவிடுகிற வால்வைக் கழற்றிப் புதிது போட்டார். பிறகு நிறுத்திவைத்துக் கீழே படுத்துக் கேட்டபோது எந்தச் சத்தமும் இல்லை. எல்லாருக்கும் நிம்மதி. அடுத்த விடிய முள் எங்கே நின்றது என்று நான் எழுதத் தேவையில்லை.

பஸ்ரியன் இப்போது என்னோடும் கதைப்பது குறைவு. லொறியை வளவுக்குள் விட்டதும் இரண்டு தரம் சுற்றிப் பார்க்கிறான். தன் மேலேயே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அது நீங்கள் செய்த வேலை.

லூர்தம்மா


நறுவிலிக்குளம்
29.06.2024

தங்கச்சிக்கு,

கோபப்படாமல் வாசியுங்கள். இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, திரும்பவும் எழுதுகிறேன்.

திருகு மூடியிருக்கிறது. நீங்கள் படுக்கப் போகும்வரை முள்ளும் நிற்கிறது. வால்வும் புதிது. இந்தக் கிழமையும் என் வாசலில் காற்று அப்படியே நின்றது. அப்படியென்றால் உங்கள் வளவில் நீங்கள் செபம் முடித்த பிறகு ஒரு கை அந்த லொறியைத் தொடுகிறது. வேறு எப்படி யோசிக்கச் சொல்கிறீர்கள்?

உங்கள் அவர் சந்தியோகு இருந்த காலத்தில் ஒருநாள், விடியப் பயணம் போக முடியாத அளவு பஸ்ரியன் குடித்திருந்தான். அதை மறைக்கத் தாங்கியின் திருகைத் திறந்துவிட்டுப் படுத்துவிட்டான். காற்று இல்லாத லொறியை யார் எடுக்கச் சொல்வார்கள்? சந்தியோகு என்னிடம் சொல்லி மனம் வருந்தினான். உங்களிடம் சொன்னானோ தெரியாது. அன்றைக்குச் செய்தவன் இன்றைக்கும் செய்யலாம் என்ற எண்ணத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

மடு மாதா கோவில் ஆவணித் திருவிழா வரைக்கும் பொறுப்பேன். அதற்குள் இது சரிவராவிட்டால், வவுனியாவில் ஒரு சாரதி இருக்கிறார், அவரை உங்கள் கிழமைக்கும் போடுவோம். அதற்குச் சம்மதம் இல்லை என்றால் லொறியை விற்றுப் பிரிந்துவிடுவோம். சந்தியோகுவும் நானும் சேர்ந்து வாங்கியதை விற்க எனக்கு மட்டும் மனம் வருமா? ஆனால் வேறு வழி தெரியவில்லை.

சின்னராசா


பேசாலை
06.07.2024

சின்னராசா அண்ணருக்கு,

அந்தப் பழைய கதை எனக்குத் தெரியும். அவர் என்னிடம் எதையும் மறைத்தவர் இல்லை.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுப் பஸ்ரியனிடம் நேரேயே கேட்டேன். "தம்பி, நீயோடா காத்தைத் திறந்து விடுறனி?"

"அப்ப செய்தனான் அக்கா. இப்ப இல்லை" என்றான்.

எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாது என்பதும் தெரியும். ஆகவே இதையும் வாசியுங்கோ. ஞாயிறு பின்னேரம் காற்று நிரப்பி லொறியை வளவில் விட்டுவிட்டு, பஸ்ரியன் ஆடித் திருவிழாவுக்கு எங்கள் கோவில் பங்குச் சனத்தோடு மடுவுக்குப் போனான். திருவிழாப் பூசை முடிந்த பிறகுதான் திரும்பி வந்தான். நம்பிக்கை இல்லாவிட்டால் எங்கள் சுவாமியாரைக் கேளுங்கோ. லொறியைப் பூட்டித் திறப்பை என் அலுமாரிக்குள் வைத்திருந்தேன். படலையைக் கட்டி, நாயையும் அவிழ்த்துவிட்டிருந்தேன். திங்கள் விடிய முள் அடியில் கிடந்தது.

அந்த இரவு வளவுக்குள் நான் ஒருத்திதான். இனி என்னையும் சந்தேகிக்கப் போகிறீர்களோ?

ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் அவன் கை நடுங்காமல் நிற்கிறது. அந்தக் கதிரையில் இருந்து அவனை இறக்கிவிட்டால் அவன் எங்கே போய் இருப்பான் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். லொறியை விற்கலாம், வாங்கலாம். அவனைத் திரும்ப எடுக்க முடியாது.

லூர்தம்மா


நறுவிலிக்குளம்
13.07.2024

தங்கச்சி லூர்தம்மாவுக்கு,

பஸ்ரியன் மடுவில் நின்ற இரவிலும் காற்றுப் போயிருந்தால், போக்கியது பஸ்ரியன் இல்லை. இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருந்தது. எழுதிவிட்டேன்.

ஆனால் லொறிப் பிரச்சினை தீரவில்லை. காற்றுப் பிரேக் ஓடுகிற லொறியில், எங்கே என்று தெரியாத கசிவை வைத்துக்கொண்டு யாரையும் ஓட்டவிட எனக்குத் தைரியம் இல்லை. காரணம் தெரியாவிட்டால் விற்கத்தான் வேண்டிவரும். அப்போது பஸ்ரியனுக்கும் கதிரை இல்லை, எனக்கும் இல்லை.

ஞாயிறு முழுக்கக் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு லொறிக்குக் கீழேயே கிடந்தேன். ரப்பர் குழாய் ஒன்றின் நுனியைக் காதில் செருகி, மறுநுனியை ஒவ்வொரு பொருத்துக்கும் கொண்டுபோனேன். எங்கே கசிந்தாலும் அந்தக் குழாய்க்குள் இரைச்சல் கேட்கும். கேட்டதெல்லாம் என் மூச்சுத்தான். சிவராணி தேத்தண்ணியைக் கீழே நீட்டிவிட்டு, "படுத்துத் தூங்கத்தான் போனீங்களா?" என்று கேட்டாள்.

ஒரு உதவி செய்யுங்கள். லொறி உங்கள் வளவுக்குள் வந்து நின்றதில் இருந்து விடிய வெளிக்கிடும்வரை அங்கே நடப்பதை அப்படியே எழுதுங்கள். ஆடு, கோழி, காற்று, மழை எதையும் விட வேண்டாம். இதெல்லாம் ஒரு விஷயமா என்று நீங்கள் நினைப்பதைக் கட்டாயம் எழுதுங்கள். என் வாசலில் நடக்காத ஏதோ ஒன்று உங்கள் வளவில் நடக்கிறது.

சின்னராசா


பேசாலை
20.07.2024

விசாரணை அதிகாரி சின்னராசா அண்ணருக்கு லூர்தம்மாவின் வாக்குமூலம்.

பின்னேரம் பஸ்ரியன் லொறியைக் கொண்டுவந்து பூவரசுக்குப் பக்கத்தில் விடுவான். நீங்கள் பழக்கியபடி கைப்பிரேக்கை ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, தாங்கித் தண்ணீரை வடித்துத் திருகை மூடுவான். பிறகு நல்ல தண்ணீரால் சில்லுகளைக் கழுவுவான். இப்போது சோளகக் காற்று வீசுகிறது. யார் முகத்தைத் தொட்டாலும் உப்பு ஒட்டுகிற காலம். கழுவிவிட்டு அவன் கிணற்றடிக்குப் போவான். பக்கத்து வீட்டு ஆடு நிழலுக்கு வந்து லொறிக்குக் கீழே படுக்கும். ஆட்டுக்குத் திருகு திறக்கத் தெரியாது.

செபம் முடிய நான் ஏறி முள்ளைப் பார்ப்பேன். சில்லுகளும் அதற்குள் சூடு ஆறியிருக்கும். பின்சில்லுக்கு முன்னும் பின்னும் பனங்குற்றி செருகி, கைப்பிரேக்கை இறக்கிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வருவேன். அவர் இருந்தபோது அவர் செய்தார், இப்போது நான். கைப்பிரேக்கோடு விட்டால் உப்புக் காற்றுக்குப் பிரேக் டிரம்மோடு ஒட்டிப்பிடித்துவிடும் என்பார். கரையில் லொறி வைத்திருக்கிற எல்லாரும் செய்வதுதான். விடிய எழும்பி, கைப்பிரேக்கைத் திரும்ப ஏற்றிவிட்டுக் குற்றிகளை இழுப்பேன். முன்பெல்லாம் ஏற்றும்போது புஸ் என்று பெரிய சத்தம் வரும், கோழிகள் சிதறி ஓடும். இப்போது சத்தமும் இல்லை, கோழிகளுக்குப் பயமும் இல்லை. பிறகு நாயைக் கட்டுவேன், தேத்தண்ணி வைப்பேன். பஸ்ரியன் குடித்துவிட்டு ஏறுவான். ஏறிய பிறகுதான் முகம் வாடும்.

வேறென்ன? கண்ணாடியில் காகம் கொத்தும். எழுதச் சொன்னீர்கள், எழுதினேன். இதில் ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரிகிறது.

வியாழக்கிழமை பஸ்ரியன் சொன்னான்: "அக்கா, முன்பெட்டிக்குள்ள போறதும் வாறதும் என்ரை கதைதான் எண்டு எனக்குத் தெரியும்." அவன் கையாலேயே அவனைப் பற்றிய கடிதங்களைக் கொடுத்து அனுப்புகிறேன். இரவில் அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. ஆவணி வரப்போகிறது அண்ணர். நானும் மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

லூர்தம்மா


நறுவிலிக்குளம்
27.07.2024

அன்புத் தங்கச்சி லூர்தம்மாவுக்கு,

உங்கள் கோழிகள்தான் காட்டிக்கொடுத்தன.

கைப்பிரேக்கை ஏற்றும்போது வருகிற அந்தச் சத்தம், பின்சில்லுப் பெட்டிகளில் இருக்கிற காற்று வெளியேறுகிற சத்தம். சத்தம் இல்லை என்றால் உள்ளே காற்று இல்லை. அந்த வரியை வாசித்ததும் அதற்கு முன்னால் இருந்த வரிகளுக்குத் திரும்பிப் போனேன். கைப்பிரேக்கை இறக்கிவிட்டு வருவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இரவு முழுக்கக் கைப்பிரேக் இல்லாமல் ஒரு லொறி நிற்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. என் அப்பா தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டியவர். மலையில் கைப்பிரேக் இழுக்காமல் ஆள் இறங்கினால் லொறி பள்ளத்தில் கிடக்கும். நறுவிலிக்குளத்துக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், இந்தத் தட்டைத் தரையிலும் அந்தப் பயம் எங்களை விடவில்லை. சந்தியோகுவோடு இவ்வளவு காலம் லொறி வைத்திருந்தும் நீங்கள் குற்றி வைப்பது எனக்குத் தெரியாது. அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் அது கதைக்கிற விஷயமாகவே இருக்கவில்லை.

பின்சில்லு ஒவ்வொன்றிலும் பேணி மாதிரி ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு அறை. ஒரு அறை கால்பிரேக்குக்கு. மற்ற அறைக்குள் பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. அது விரிந்தால் சில்லு பூட்டும். கைப்பிரேக்கை இறக்கினால் காற்று அந்த அறைக்குள் போய் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும். ஏற்றினால் அந்த அறை வெறுமையாகிவிடும். நம்முடைய லொறியில் இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் வளையம் தேய்ந்துபோயிருந்தது. கைப்பிரேக் ஏறி நிற்கும்போது அங்கே காற்றே இல்லை, கசிவதற்கு என்ன இருக்கிறது? என் வாசலில் அதுதான் நடந்தது. நானும் ரிஸ்கானும் கீழே படுத்துத் தேடியபோதும் அதுதான். கைப்பிரேக்கை ஏற்றாமல் எவன் லொறிக்குக் கீழே படுப்பான்? உங்கள் வளவில் மட்டும் இரவு முழுக்கத் தாங்கிக் காற்று அந்த அறை வழியாகக் கசிந்தது. அது தீர்ந்ததும் ஸ்பிரிங் தானாக விரிந்தது. ஒட்டக்கூடாது என்று நீங்கள் இறக்கிவிட்ட பிரேக், நீங்கள் தூங்கும்போது தானே ஏறி உப்பில் ஒட்டிக்கொண்டது.

ரிஸ்கானின் கராஜில் கல் வைத்து, கைப்பிரேக்கை இறக்கிப் பார்த்தோம். பின்வால்வின் வாயால் சீறியது. அவர் முதலில் கேட்டதும் அதைத்தான். ஆனால் வால்வில் பிழை இல்லை, பெட்டிக்குள் தப்பிய காற்று கால்பிரேக் குழாய் வழியாக வந்து அங்கே வெளியேறுகிறது. குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். இடப்பக்கப் பெட்டியில் இருந்து விரலைத் தள்ளுகிற காற்று வந்தது. அதை மாற்றியாயிற்று. நேற்று இரவு என் வாசலிலும் கல் வைத்துக் கைப்பிரேக்கை இறக்கிவிட்டேன். லொறி உருண்டு வீட்டுக்குள் வரும் என்று சிவராணி கட்டிலை மாற்றிப் போட்டுப் படுத்தாள். விடிய முள் அசையாமல் நின்றது.

லொறி ஓடும்போதெல்லாம் கைப்பிரேக் இறங்கித்தானே இருக்கிறது. கொழும்பு வரைக்கும் கசிந்துகொண்டுதான் போயிருக்கிறது. எஞ்சின் காற்றை ஏற்றிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அந்த வளையம் ஒருநாள் ஒரேயடியாகக் கிழிந்திருந்தால், ஓடுகிற ஓட்டத்திலேயே சில்லு பூட்டியிருக்கும். உள்ளே பஸ்ரியன் இருந்திருப்பான், இல்லாவிட்டால் நான். குற்றி வைப்பதை விட வேண்டாம் தங்கச்சி. நானும் இனி இடைக்கிடை வைப்பேன்.

பஸ்ரியனைக் குடிகாரன் என்றேன். அவன் குடித்த காலத்தை மனதில் பிடித்துவைத்துக்கொண்டு, குடிக்காத அவனைக் குற்றம் சொன்னேன். செய்தது அநியாயம். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வவுனியாச் சாரதிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கதிரை பஸ்ரியனுடையது. அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன், ஏனென்றால் அவன் முன்னால் நிற்க இன்னும் தைரியம் வரவில்லை.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. கொண்டுவருகிறவன் வழியில் வாசிக்கட்டும்.

சின்னராசா


பேசாலை
03.08.2024

சின்னராசா அண்ணருக்கு,

உங்கள் கடிதம் ஒட்டித்தான் வந்தது. வயர் சுற்றுகிற கறுப்பு டேப்பால், ஒரு ஓரமும் விடாமல் ஒட்டியிருந்தது. கத்தி வைத்துத்தான் திறந்தேன். கடைசி வரியை வாசித்த பிறகு பஸ்ரியனைக் கூப்பிட்டு, இதை ஆர் ஒட்டினது என்று கேட்டேன்.

"வாய் திறந்து கிடந்தது அக்கா. அண்ணர் மறந்துபோனார் போல. சந்தியிலயே ஒட்டிப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான்."

"உள்ளுக்குப் பாக்கேல்லையோ?"

"உங்களுக்கு வந்த கடிதத்தை நான் ஏன் பாக்கிறன்?"

அவனைக் கதிரையில் இருத்தி, முதல் வரியில் இருந்து முழுக்க வாசித்துக் காட்டினேன். வளையம், ஸ்பிரிங் எல்லாவற்றையும் தலையைக் குனிந்தபடி கேட்டான். அவனைப் பற்றி எழுதிய இடம் வந்ததும், "திருப்பி ஒருக்கா வாசியுங்கோ" என்றான். வாசித்தேன். நானும் அழுதேன், அவனும் அழுதான். பிறகு எழும்பி, அன்றைக்குப் பாதியில் விட்ட சோற்றையும் சேர்த்துச் சாப்பிடுகிறவன் மாதிரிச் சாப்பிட்டான்.

இந்தக் கிழமை முழுக்கக் குற்றி வைத்தேன், கைப்பிரேக்கை இறக்கினேன். ஒவ்வொரு விடியலும் முள் பிளாஸ்டரோடு நிற்கிறது. கோழிகள் பழையபடி சிதறி ஓடுகின்றன.

இவ்வளவு நாளும் உங்கள் முகம் பார்க்காமல் அவன் வைத்துவிட்டுப் போன திறப்பை, இன்றைக்குத் தள்ளாடியில் தேத்தண்ணிக்கடையில் தேடாதீர்கள். அங்கே கொடுக்க மாட்டேன் என்கிறான். நீங்கள் வரும்வரை லொறிக்குப் பக்கத்திலேயே நிற்பானாம். "அண்ணற்றை கையிலதான் குடுப்பன்" என்று சொல்லிவிட்டு வெளிக்கிடுகிறான். இந்தக் கடிதத்தையும் அவன்தான் கொண்டுவருகிறான். நானும் ஒட்டவில்லை.

லூர்தம்மா